7. பில் போடாத ஒரு நாள்: ஊருக்காகக் கடை நடத்தும் நிதி விழா

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணி உணவகம் 2024 ஆகஸ்டில் ஒரு வேளை பில் போடுவதை நிறுத்தி வைத்தது. வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு விருந்து வைத்தார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் கையில் வந்ததை மொய்யாக வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயிருந்தன. மொய்ப் பணம் வயநாட்டு நிவாரணத்துக்கு. அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரரும் இதையே செய்தார். டீயைக் குடியுங்கள், காசைக் கல்லாவில் தராமல் மொய்ப் பாத்திரத்தில் போடுங்கள் என்றார்.

இந்த அத்தியாயத்துக்கு இந்த இரண்டு கடைகளையும் முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனங்கள் நட்சத்திர ஓட்டலில் நடத்தும் நன்கொடை விருந்துகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கடைவீதியில் ஒரு மளிகைக்கடை, ஜவுளிக்கடை, உணவகம், மருந்துக்கடை, நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடைப் பட்டறை, இந்த அளவில் தொழில் நடத்துபவர் தன் ஊரின் ஒரு தேவைக்காக ஒரு நாள் விழா எடுத்துப் பணம் திரட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

நம் பக்கத்து வணிகர்களுக்கு இது புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நாடார் வணிகர்கள் மகமை என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வாங்கும் விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொது நிதிக்குப் போகும். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். 1889-இல் விருதுநகரில் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா இப்படித்தான் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. மகமையின் பலம், யாருக்கும் சுமையாகத் தெரியாத அளவில் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது. விழாவின் பலம் வேறு: ஒரே நாளில் ஊரின் கவனம் முழுவதும் ஒரு தேவையின் மேல் விழுகிறது. விழா நடத்தும் கடை மகமையின் ஒழுங்கையும் கடைப்பிடித்தால் நல்லது. எந்த ஒழுங்கு என்றால், கணக்கு.

தேவையைத் தேர்ந்தெடுப்பது

"ஏழை எளியோருக்கு உதவ" என்று நோட்டீஸ் அடித்தால் பணம் வராது. வந்தாலும் பாதிப் பேர் உங்கள் முகத்துக்காகத் தருவார்கள். ஊர்க்காரர் கண்ணால் பார்த்த ஒரு பொருளும் அதற்கு ஒரு விலையும் வேண்டும். அரசு உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. மோட்டாரும் தொட்டியும் குழாயும் சேர்த்து 1,85,000 ரூபாய் ஆகும் என்று பிளம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்படிச் சொல்லுங்கள். அந்த மதிப்பீட்டுத் தாளையே கடைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். தொகை உங்கள் கடையின் வீச்சுக்குள் இருக்கட்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பேர் வந்து போகும் கடை இருபது லட்சத்துக்கு விழா எடுத்தால் பத்தில் ஒரு பங்கு தேறும். மீதிக்கு என்ன வழி என்று ஊர் உங்களைத்தான் கேட்கும்.

பள்ளி என்றால் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் முதலில் பாருங்கள். என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்று போகும் கடைக்காரர்கள் அதிகம். சுவரில் கடைப் பெயர் தெரியும் என்பது காரணம். பள்ளிக்குத் தேவை பெரும்பாலும் துப்புரவுப் பணியாளரின் சம்பளமாகவோ ஆய்வகக் கண்ணாடிக் கருவிகளாகவோ இருக்கும். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் இணையதளத்தில் எந்தப் பள்ளிக்கு என்று குறிப்பிட்டே பணம் செலுத்தலாம். பணம் யார் கையிலும் தங்காது என்பதால் விழா எடுப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

பலர் கவனிக்காத இன்னொரு வழி ‘நமக்கு நாமே’ திட்டம். ஊரில் ஒரு பொது வேலைக்கான மதிப்பீட்டில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு போடும் என்பது அதன் அடிப்படை. நீர்நிலை, பூங்கா, பள்ளிக் கட்டடம் என்று வேலையைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் பங்கு மாறும். கணக்கைப் பாருங்கள்: கடைவீதிக்காரர்கள் சேர்ந்து 4 லட்சம் திரட்டினால் 12 லட்சத்துக்கு வேலை நடக்கும். விழா மேடையில் இதைச் சொல்வதுபோல் பணத்தை இழுக்கும் வார்த்தை வேறில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய பிறகு சொல்லுங்கள். முதலில் நகராட்சிப் பொறியாளரையோ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையோ பார்த்து வேலை எடுத்துக்கொள்ளப்படுமா, இந்த ஆண்டு ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணமே திரட்டாத விழாவும் உண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள் அப்படிப்பட்டவை. மருத்துவக் குழுவும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், பந்தல், சாப்பாடு ஆகியவற்றை உள்ளூர்ச் சங்கமோ மில்லோ வணிகரோ ஏற்றுக்கொள்கிறார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த வேலைகள் இவைதாம். பணத்தைக் கையாள அஞ்சுபவர்கள் முதல் விழாவை இப்படி நடத்திப் பழகலாம்.

ஒரு குழந்தையின் சிகிச்சைக்காகத் திரட்டுவதுதான் ஊரில் அடிக்கடி வரும் கோரிக்கை. மறுக்க மனம் வராது. இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பணத்தை மருத்துவமனையின் கணக்கில், நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு நேராகக் கட்டுங்கள். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஒருவர் கணக்கில் அன்பளிப்பாக வந்தால் வருமான வரிச் சட்டம் அதை வருமானமாகப் பார்க்கும். ஏற்கெனவே நொந்துபோன தகப்பனாருக்கு நோட்டீஸ் வர நீங்கள் காரணமாக வேண்டாம். இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு, மீதித் தொகைக்கு மட்டும் விழா எடுங்கள்.

செலவு யாருடையது

இந்தப் புத்தகத்தில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்: விழாச் செலவு முழுவதும் கடையுடையது. வசூலிலிருந்து ஒரு ரூபாய்கூட அரிசிக்கோ பந்தலுக்கோ மைக் செட்டுக்கோ போகக் கூடாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைக்கும் இதுவே லாபம். ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். மதியம் 300 இலை. ஒரு இலைக்கு உங்களுக்கு அடக்கம் 80 ரூபாய், விலை 120. "இன்றைய விற்பனையில் பத்து சதவீதம் பள்ளிக்கு" என்று அறிவித்தால் 36,000 ரூபாய் விற்பனையில் பள்ளிக்குப் போவது 3,600. அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வெட்கம். "சாப்பாட்டுக்கு விலை இல்லை, வைப்பது எல்லாம் பள்ளிக்கு" என்றால் உங்கள் கையிலிருந்து 24,000 ரூபாய் போகும். ஆள் ஒன்றுக்குச் சராசரியாக 200 வைத்தாலே 60,000 சேரும். சிலர் பத்து ரூபாய் வைப்பார்கள், சிலர் ஐயாயிரம் வைப்பார்கள், கணக்கு சமமாகிவிடும். ஊர் நினைவில் நிற்பது எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை.

24,000 கொடுக்க முடியாத கடைகள் விழாவைச் சுருக்கிக்கொள்ளட்டும். மாலை 4 மணி முதல் 7 மணி வரை டீயும் வடையும் மட்டும். அல்லது பக்கத்துக் கடைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசி மண்டிக்காரர் அரிசி, காய்கறிக் கடைக்காரர் காய், பாத்திரக் கடைக்காரர் அண்டா என்று பொருளாகக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. பணமாகக் கேட்டால்தான் கை பின்னால் போகும்.

வேலையாட்களுக்கு அன்றைய கூலி உண்டு. முதலாளியின் புண்ணியத்துக்குச் சப்ளையர் ஒரு நாள் சம்பளத்தை விடுவது தர்மமாகாது. அவர்களாக முன்வந்து தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் தனியார் பேருந்துகள் ஒரு நாள் வசூலை நிவாரணத்துக்குக் கொடுத்தபோது ஓட்டுநர்களும் நடத்துநர்களும் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. எழுத்தில் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் பிடித்தம் செய்வது சட்டப்படியும் சிக்கல்.

என்ன வடிவம்

டெல்டாவின் தென்கோடியில், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துக் காலம். கறி விருந்து, மொய் நோட்டு, பணம் எண்ணும் எந்திரம், காவலுக்கு ஆள் என்று ஒரு வங்கிக் கிளையைப் போலப் பந்தல் இயங்கும். அங்கே மொய் கடன்தான். வட்டி கிடையாது, வாங்கியவர் திருப்பி வைக்கும்போது கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்பது மரியாதை. நோட்டில் எழுதுவதே அதற்காக. நிதி விழாவில் திரும்பச் செய்யும் கடமை இல்லை. ஆகவே பெயர் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மைக்கில் "இன்னார் ஆயிரம்" என்று வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். வாசித்தால் வசூல் ஏறும் என்பது உண்மை. நூறு ரூபாய் வைக்க வந்தவர் இலையில் உட்காராமலே திரும்பிப் போவார் என்பதும் உண்மை. வாய் குறுகிய, துணி கட்டிய பித்தளைக் குடம் போதும். ரசீது கேட்பவருக்குத் தனி மேசை.

எல்லாத் தொழிலுக்கும் விருந்து பொருந்தாது. மருந்துக்கடையோ ஜவுளிக்கடையோ ஒரு பொருளுக்கு ஒரு தொகை என்று வைத்துக்கொள்ளலாம்: இந்தச் சனிக்கிழமை விற்கும் ஒவ்வொரு வேட்டிக்கும் 20 ரூபாய். தொகையை ரூபாயில் சொல்லுங்கள். "லாபத்தில் ஒரு பங்கு" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததை வாடிக்கையாளர் நம்புவதும் இல்லை. ஆட்டோ நிறுத்தம், தனியார் பேருந்து, சலூன், சைக்கிள் கடை என்றால் ஒரு நாள் வசூல் முழுவதையும் தருவது எளிது, புரியவும் செய்யும். ஓட்டப் பந்தயம் நடத்த ஆசைப்படுபவர்கள் கோவை மாரத்தானைப் பார்த்துவிட்டு வரலாம். கோவைப் புற்றுநோய் அறக்கட்டளைக்காக 2013 முதல் நடக்கிறது அது. பின்னால் எவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்கிறது என்று பார்த்தால் பலருக்கு ஆசை அடங்கிவிடும். ஆம்புலன்ஸ், போக்குவரத்துக் காவல், தண்ணீர், நேரம் பார்க்கும் கருவி எல்லாம் சேர்ந்து சிறு ஊரில் வசூலையே தின்றுவிடும்.

இனி ஒரு கண்டிப்பான வார்த்தை. குலுக்கல் வேண்டாம். வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றிலும் டிக்கெட் விற்றுக் குலுக்கிப் பரிசு தருவது முதல் யோசனையாக இருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி கிடையாது. வியாபாரத்தோடு இணைத்துப் பரிசுத் திட்டம் நடத்துவதற்கு 1979-ஆம் ஆண்டிலிருந்தே தனித் தடைச் சட்டம் இருக்கிறது. நல்ல காரியத்துக்காகத்தான் என்பது காவல் நிலையத்தில் செல்லும் வாதம் அல்ல. ஒரு பொருளை ஏலம் விடுவதானால் விடலாம். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தையே ஏலம் எடுக்கும் ஊர் நம்முடையது, ஏலத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

டிக்கெட் போட்டு இசைக் கச்சேரியோ நாடகமோ வைத்தால் உள்ளாட்சி அமைப்பின் கேளிக்கை வரி உண்டா என்று நகராட்சியில் கேளுங்கள். இசை, நடனம், நாடகம் போன்றவற்றுக்கு ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாத நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால் கட்டணத்தை அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் அனுமதி இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

நாள் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. முகூர்த்த நாள் வேண்டாம், ஜூன் மாதம் வேண்டாம். பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டுக் கை காய்ந்து நிற்பார்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வாடிக்கையாளருக்கும் நேரமில்லை, உங்களுக்கும் இல்லை. திருப்பூர் போல் வாரச் சம்பளம் புழங்கும் ஊரில் சனிக்கிழமை மாலையை விட்டால் ஞாயிறு. அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரம் 2009 முதல் நாடு முழுக்க நடக்கிறது. பள்ளிகளும் சங்கங்களும் அப்போது கொஞ்சம் முனைப்பாக இருக்கும் என்பதால் கைகோக்க வசதி.

பணம் போகும் பாதை

சண்டை வருமென்றால் இங்கேதான் வரும். விழாவுக்கு முன்பே ஒரு தாளில் பணத்தின் பாதையை எழுதிவிடுங்கள்: யார் வாங்குவார், யார் எண்ணுவார், எங்கே கட்டப்படும், எப்போது.

கல்லாவில் ஒட்டியிருக்கும் உங்கள் க்யூஆர் அட்டையில் நன்கொடை வாங்கவே கூடாது. அது உங்கள் கடைக் கணக்கு. அதில் வருவதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விற்பனை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், அவர்கள் க்யூஆர் அட்டைகளை அகற்றியதும் செய்தியாக வந்தது. கடன் வாங்கியது, வீட்டுக்காரர் அனுப்பியது எல்லாம் விற்பனையோடு கலந்து கிடந்ததுதான் அங்கே பலருடைய தொல்லை. நன்கொடையும் அப்படிக் கலந்துவிடும். பயன்பெறும் அறக்கட்டளையின் அட்டையை அச்சடித்து வைத்து, பணம் நேராக அங்கே போகட்டும். பழைய அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்கள் இருக்கிறார்கள். மணிக்கு ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்க ஒரு பையனை நிறுத்துங்கள்.

ரொக்கத்துக்குக் கோயில் உண்டியல் முறையே போதும். பூட்டு, அரக்கு முத்திரை, சாட்சிகள் முன்னிலையில் திறப்பு. எண்ணும்போது கடைக்காரர் வீட்டு ஆள் எண்ண வேண்டாம். தலைமையாசிரியர், பக்கத்து வங்கியில் ஓய்வு பெற்றவர், வியாபாரிகள் சங்கத்தில் உங்களுக்கு ஒத்துவராத ஒருவர் என்று மூன்று பேரை உட்கார வையுங்கள். அந்த மூன்றாமவர் முக்கியம். நாளைக்கு யாராவது முணுமுணுத்தால் அவரே பதில் சொல்வார். தொகையைத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டு, அடுத்த வங்கி வேலைநாளில் கட்டி, சலான் நகலைச் சேர்த்து வையுங்கள்.

அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்தினால் அதன் வருமான வரிப் பதிவுச் சான்றிதழ்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நல்ல அமைப்பு என்றால் கேட்டவுடன் தரும். முகம் சுளித்தால் வேறு அமைப்பைப் பாருங்கள். நன்கொடை தருபவருக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகை 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆகவே நோட்டீசில் எண் போடுமுன் ஆடிட்டரிடம் காட்டுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கும் தனிநபருக்கும் இல்லை. "வரிவிலக்கு உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசுப் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான், வாங்கலாம். கனடா மாமா பாசத்தில் அனுப்புகிறேன் என்றால், ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் மாமா என்று சொல்லித் தள்ளிப்போடாமல், இந்த விதியைச் சொல்லிவிடுங்கள்.

பெரிய நிறுவனம் ஒன்று உங்களோடு சேர்ந்தால் அவர்கள் வாயில் சிஎஸ்ஆர் என்ற சொல் வரும். 2013 நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேரா என்று 2014 ஜூன் 18 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். எனவே உங்கள் பந்தலுக்குப் பணம் கேட்டால் கிடைக்காது. பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குக் கேட்டால் கிடைக்கலாம்.

இலவசமாக வழங்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பது ஜவுளி, மளிகைக் கடைகளுக்குப் பொருந்தும். 5 சதவீத ஜிஎஸ்டி கட்டும் உணவகங்களுக்கு அந்தச் சலுகையே இல்லை, கவலையும் இல்லை. எந்தத் தொழிலானாலும் அன்று எவ்வளவு அரிசி, எவ்வளவு பால், எத்தனை வேட்டி வெளியே போனது என்பதை இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

மேடை, படம், பொன்னாடை

சிறு ஊர் விழாக்களை மேடைதான் கெடுக்கிறது. ஒருவரை அழைத்தால் இன்னொருவரை அழைக்க வேண்டும், வரிசை தவறினால் கோபம், ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. பொன்னாடைச் செலவில் ஒரு பள்ளிக்கு ஆண்டு முழுவதும் சுண்ணக்கட்டி வாங்கலாம். மேடையே போடாமல் விடுங்கள். வட்டாட்சியரோ சட்டமன்ற உறுப்பினரோ வந்தால் இலையில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள்; அவர்களுக்கும் அது ஒரு மாறுதல்.

உதவி பெறுபவரைப் படம் பிடிக்காதீர்கள். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்காக விழா என்றால் கூடுதல் எச்சரிக்கை: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் படம், சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அசிங்கம். கட்டி முடித்த தொட்டியைப் படம் எடுங்கள். அதில் உங்கள் கடைப் பெயரைச் சிறிதாக எழுதிக்கொள்வதில் குற்றமில்லை. நன்றிக் குறிப்பாகப் பெயர் பொறிப்பது வேறு, விளம்பரமாகத் தொலைபேசி எண்ணும் தள்ளுபடியும் போடுவது வேறு என்று ஜிஎஸ்டி துறையே 2019-இல் பிரித்துச் சொல்லியிருக்கிறது. முதலாவதற்கு வரி இல்லை, இரண்டாவதற்கு உண்டு.

மறுநாளும் அதற்குப் பிறகும்

விழா நாளில் காட்டிய வேகத்தில் பாதியையாவது மறுவாரத்துக்கு மிச்சம் வையுங்கள். ஏழு நாட்களுக்குள் கடை வாசலில் ஒரு கணக்கு ஒட்டப்பட வேண்டும். குடத்தில் வந்தது, க்யூஆரில் வந்தது, மொத்தம், கட்டிய தேதி, சலான் எண். அதன் கீழே கடை செய்த செலவும் தனியாக. செலவை எழுதுவது தற்பெருமை என்று சிலர் கூசுகிறார்கள். எழுதாவிட்டால் வசூலில் எடுத்திருப்பார் என்று பேசுவார்கள், எழுதிவிடுங்கள்.

தொகை குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்பதை விழாவுக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். 1,85,000 தேவைக்கு 1,40,000 வந்தால் மீதியைக் கடை தருமா, தொட்டியைச் சிறிதாக்குவார்களா? 2,20,000 வந்தால் மிச்சம் அதே பள்ளிக்கா? நோட்டீசின் அடியில் இரண்டு வரி போதும். கூடுதலாக வந்த பணம் குறைந்துபோன பணத்தைவிட அதிகச் சண்டை மூட்டும் என்பது சங்கப் பொருளாளர்களைக் கேட்டால் தெரியும்.

வேலை முடிந்த பிறகு பள்ளியிடமிருந்து பில்களின் நகலை வாங்கி அதே இடத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். மோட்டார் ஓடவில்லையென்றால் பழுது பார்க்க ஆகும் ஆயிரம் ரூபாயைக் கடைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக இன்னொரு விழா எடுக்க வேண்டாம்.

முதல் விழாவில் திரண்ட தொகையைக் கொண்டு இந்த முயற்சியை எடை போட வேண்டாம். முதல் ஆண்டு வாடிக்கையாளர்கள் உங்களைக் கவனிக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே வாரத்தில், வேறொரு தேவைக்கு, பழைய கணக்குத் தாளைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு மீண்டும் குடத்தை வையுங்கள். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் நோட்டீஸ் அச்சடிக்கப் போகாமல், நாளைக் காலை உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரையோ போய்ப் பார்த்து, "உங்களுக்கு உடனே என்ன வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.